பாதிச் சண்டையில் எழுந்து போனவனுக்கு

மக்கா, நேற்று மத்தியானம் நீ அப்பாவின் போனுக்கு அனுப்பிய செய்தியை நானும் படித்தேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்பா அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தார். கை ஈரத்தைத் தோளில் கிடந்த துவர்த்தில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தவர், அதை என்னிடம் நீட்டினார். "லீவு கிடைக்கல்ல. கல்யாணத்துக்கு வர முடியாது. மன்னிக்கணும்." அவ்வளவுதான் இருந்தது. நான் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் அங்கே இல்லை. துவர்த்து நாற்காலியில் கிடந்தது. அந்த உச்சி வெயிலில் தலையில் ஒன்றும் இல்லாமல் மறுபடியும் வயலுக்கே நடந்துகொண்டிருந்தார். உன் தங்கையின் கல்யாணத்துக்கு நீ வரமாட்டாய் என்பதை இப்படி மூன்று சின்ன வாக்கியத்தில் நாங்கள் தெரிந்துகொள்வோம் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சோற்றை வடிக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. சோறு குழைந்துபோயிற்று.

லீவு கிடைக்கவில்லை என்பது பொய். நான் தக்கலை ஆபீசில் இத்தனை வருஷமாக மற்றவர்களின் லீவு விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள். எது நிஜக் காரணம், எது சொல்லுகிற காரணம் என்று எனக்குத் தெரியும். நீ மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனதிலிருந்து இந்த வீட்டில் யாருடைய போனையும் எடுப்பதில்லை. நான் கேட்டால் "பிஸி" என்று ஒரு சொல் வரும். அப்பா கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் வரும். சுபா கூப்பிட்டால் அதுவும் வருவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேச்சென்றால் நீ பாதியில் வைத்துவிடுவாய். எழுத்தென்றால் எப்போதாவது, வேலை முடிந்து தனியாக இருக்கும்போதாவது, முழுதும் படிப்பாய். நீ போன பிறகு இங்கே என்னவெல்லாம் நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாமலேயே ஒரு முடிவெடுத்திருக்கிறாய். அதைக் கேட்டுவிட்டு முடிவெடு.

முதலில் அன்றைக்கு நடந்ததையே சொல்கிறேன். நீ அதை உன் மனதில் எப்படி வைத்திருக்கிறாயோ, அது முழுசல்ல. நம் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவானது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நீ காலேஜில் படிக்கும்போது பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துப் பூட்டியது. சுவிட்சைப் போட்டுவிட்டு நான் போய்ச் சாயா போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் நீல வெளிச்சத்தில் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருக்கும். சுபா அதன் முன்னால் உட்கார்ந்து தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிக்கொள்வாள். அவள் முட்டம் கடற்கரைப் பாறைக் குழிகளில் வாழும் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்த பிறகு, ஆயிரக்கணக்கான படங்களை அதில்தான் வைத்திருந்தாள். ஒரு படத்தைத் திறந்தால் அடுத்த படம் வர யுகமாகும். லீவில் வந்த நீ அதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாய். "ஏட்டி, இதுல எப்பிடிட்டி வேலை செய்யிய?" என்று கேட்டாய். அவள் திரும்பாமலேயே, "வேற என்ன செய்யுக? எனக்க அண்ணன் பெரிய என்ஜினீயராக்கும், அவன் வந்து சரியாக்குவான்னு காத்திட்டு இருக்கேன்" என்றாள். கேலிதான். ஆனால் உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவளுக்குக் கல்யாணப் பரிசாக எதையாவது செய்ய வேண்டும் என்று நீ தவித்துக்கொண்டிருந்தாய். இதுதான் அது என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டாய்.

உன் பழைய லாப்டாப்பிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த எஸ்.எஸ்.டி. என்கிற டிஸ்க் உன் பையிலேயே இருந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய். சீட்டுக்கட்டை விட மெல்லியது. சுற்றுகிற தகடு ஒன்றும் உள்ளே கிடையாது, அதனால்தான் வேகம் என்றாய். அப்பா அதை வாங்கி எடை பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கேலே" என்றார். நாம் எல்லோரும் சிரித்தோம். சாப்பாட்டு மேசையில் பெட்டியைப் படுக்க வைத்து நீ திறந்தபோது உள்ளே பஞ்சு மாதிரி தூசியும் பல்லி முட்டை ஓடுகளும் இருந்தன. ஊதித் துடைத்து, வயர்களைச் சொருகினாய். அப்போது நீ சத்தமாகக் கேட்டாய்: "சுபா, உனக்க ஃபைலெல்லாம் எடுத்து வெச்சிட்டியா?" அடுக்களையில் எனக்கு மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துத் தந்துகொண்டிருந்த சுபா அங்கிருந்தே சொன்னாள்: "எல்லாம் டி டிரைவ்ல போட்டாச்சு அண்ணா." "அப்போ சரி" என்றாய். உங்கள் இருவருக்கும் நடுவில் அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்த நான் இரண்டையும் கேட்டேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சி வேறு பெட்டி, டி வேறு பெட்டி என்றுதான் நானும், நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற நானும், நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே தகட்டைக் கோடு போட்டுப் பிரித்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் பழைய டிஸ்கை நீ தொடப்போவதே இல்லை என்பதால் அந்தப் பதில் உனக்குப் போதுமாக இருந்தது.

பழையதும் புதியதும் ஒரே கொள்ளளவு. எதில் விண்டோசைப் போட வேண்டும் என்று திரை கேட்டபோது இரண்டும் ஒரே மாதிரி வரிசையாக நின்றன. உன் எஸ்.எஸ்.டி.யில் உன் மஸ்கட் சாமான்கள் இருந்ததால் அதைத் துடைத்துவிட்டுப் போடுவதுதான் உன் திட்டம். நீ ஒன்றைத் துடைத்தாய். வேலை தானாக ஓட ஆரம்பித்ததும் சாப்பிட வந்து உட்கார்ந்தாய். மரச்சீனியும் மீன் குழம்பும். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீ சாப்பிடவில்லை என்பதால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டாய். "வாங்க, வாங்க, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள வரும், பாருங்க" என்றாய். சுபா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். நீ பொத்தானை அழுத்தினாய். புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பழைய கிர்ர்ர் சத்தம் கேட்டது. சுற்றுகிற தகடு இல்லை என்று நீ சொன்ன பெட்டியிலிருந்து தகடு சுற்றுகிற சத்தம். அப்பா, "இது பழையபடிதானலே இருக்கு?" என்றார், அப்பாவியாக. நான் உன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வேர்வை முத்துமுத்தாகப் புறப்பட்டது. திரை ஒருவழியாக வந்ததும் நீ எதையோ திறந்தாய். துடைத்துப் போயிருக்க வேண்டிய உன் ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாக நின்றன. மஸ்கட் ஆபீஸ், சலாலா டூர், உன் பிறந்தநாள் படங்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. சுபா குனிந்து பார்த்து, "எனக்க ஃபோல்டர் எங்க?" என்று கேட்டாள். நீ மௌஸை மேலும் கீழும் உருட்டினாய். "அண்ணா, டி எங்க?" என்றாள். நீ கையை நீட்டிச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாய்.

அந்த நிமிஷத்தை நான் இப்போதும் ஆபீசில் கோப்புக்கு நடுவில் நினைத்துத் திடுக்கிடுகிறேன். இந்த வீட்டில் நாங்கள் சாவைப் பார்த்திருக்கிறோம், அப்பாவுக்கு வந்த நெஞ்சு வலியைப் பார்த்திருக்கிறோம். ஆனால் யாரும் கீழே விழாமல், ரத்தம் வராமல், ஒரு பாத்திரம்கூட உடையாமல், ஒரு பெண்ணின் இரண்டு வருஷ உழைப்பு காணாமல் போவதை நான் பார்த்ததில்லை. என்ன நடந்தது என்று புரியவே நேரமாயிற்று. எஸ்.எஸ்.டி.க்குப் பதிலாக நீ பழைய டிஸ்கைத் துடைத்திருந்தாய். மேசை அப்படியேதான் இருந்தது. பெட்டி அப்படியேதான் இருந்தது. நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். சுபா அழவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. மெதுவாகத்தான் பேசினாள். "ஓடிட்டுதான இருந்தது? மெதுவா ஓடினாலும் ஓடிட்டுதான இருந்தது? உன்ன யாரு தொடச் சொன்னா? வருசத்துக்கு ஒருக்க வந்து பெரிய ஆளாட்டம் காட்டிட்டுப் போறதுக்கு எனக்க படிப்புதான் கெடச்சுதா?" அப்பா "ஏட்டி" என்று அதட்டினார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் உனக்கு விமானம். பயணப் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு நீ திரும்ப வந்து அவள் அறை வாசலில் நின்றதை நான் பார்த்தேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாய். பிறகு இறக்கினாய். போய்விட்டாய்.

இனி உனக்குத் தெரியாதது. நீ போன அந்த வாரமே நானும் சுபாவும் பழைய டிஸ்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போனோம். அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு கடை அங்கே இருப்பதாக அவள் தோழி சொல்லியிருந்தாள். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புதிய விண்டோஸ் மேல ஏறின எடம் போச்சு, பாக்கி உள்ளது நோக்காம்" என்றார், மிச்சத்தை மீட்டுப் பார்க்கலாம் என்று. பிறகு சுபாவிடம், வேறு எங்கும் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டார். அவள் "டி-ல வெச்சிருந்தேன்" என்றாள். அவர் ஒரு காகிதத்தில் வட்டம் வரைந்து நடுவில் கோடு கிழித்துக் காட்டினார். இந்தப் பாதி சி, இந்தப் பாதி டி. சுபா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் களியக்காவிளை தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணன் கேட்டான்மா. எடுத்து வெச்சிட்டியான்னு கேட்டான். நான்தான் டி-ல இருக்குன்னு சொன்னேன்." எனக்கும் கேட்டது என்றேன். "அப்போ நீ அன்னைக்கே ஏன் சொல்லல்ல?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார். அன்றைக்கு எனக்கு எதுவுமே தோன்றவில்லை, மக்கா. அதிர்ச்சியில் காதில் விழுந்ததெல்லாம் வெளியே போய்விட்டது. யார் என்ன சொன்னார்கள் என்பது நாட்கள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

சில வாரம் கழித்துக் கடையிலிருந்து வந்ததை அவள் தோழியின் லாப்டாப்பில் திறந்து பார்த்தபோது இன்னொரு இடி. படங்கள் வந்திருந்தன, ஆனால் பெயரில்லை, தேதியில்லை, ஒழுங்கில்லை. ஒரு நண்டின் மேல்பாதி தெளிவாக இருக்கும், கீழே முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு கடல் சாமந்தி விரிந்திருக்கும், குறுக்கே பச்சைப் பட்டை. நான் பின்னால் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். தீப்பிடித்த வீட்டிலிருந்து பொறுக்கி வந்தது மாதிரி இருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் வருஷத்துப் படங்களில் பெரும்பகுதி தேறியது. இரண்டாம் வருஷத்தில் கொஞ்சம்தான். எழுதி வைத்திருந்ததில் அவளுடைய பேராசிரியருக்கு முன்பே அனுப்பியிருந்த பகுதிகள் அவரிடம் இருந்தன, மற்றவை இல்லை. பேராசிரியர் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனாள். அவர் கால அவகாசம் வாங்கித் தருவதாகவும், விட்டுப்போன மாதங்களை மறுபடி எடுக்கும்படியும் சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் முட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். திருவட்டாறு மாப்பிள்ளையிடம் அதைச் சொல்ல நாங்கள் தயங்கியபோது, அவளே போன் செய்து சொல்லிவிட்டாள். "நான் பைக்குல கொண்டு விடுகேன்" என்றாராம். அது ஒரு நிம்மதி.

அவள் முதல் தடவை திரும்பப் போனபோது நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. முட்டத்தில் கலங்கரை விளக்கத்தையும் சூரியன் மறைவதையும்தான் நான் பார்த்திருக்கிறேன், எல்லோரையும் போல. அவள் வேலை செய்கிற இடம் அதற்குக் கீழே, பாறைகள் கடலுக்குள் இறங்குகிற இடம். கடல் உள்வாங்குகிற நேரம் பார்த்து இறங்கினாள். பாசி பிடித்த பாறையில் குரங்கு மாதிரி தாவிப் போனாள். நான் மேலே ஒரு காய்ந்த பாறையில் உட்கார்ந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னக் குழியின் பக்கத்தில் போய்க் குப்புறப் படுத்தாள். அண்டா அளவு குழி. அதன் மேல் கேமராவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். தண்ணீர் அடங்க வேண்டும், நண்டு பயம் தெளிந்து வெளியே வர வேண்டும், வெளிச்சம் சரியாக வர வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பின்னால் கடல் எழும்பியது. அவள் பார்க்கவே இல்லை. "சுபா!" என்று நான் போட்ட சத்தத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். அலை அவள் மேல் அப்படியே விழுந்தது. ஒரு கணம் அங்கே பாறை மட்டும்தான் இருந்தது, நுரை மட்டும்தான் இருந்தது. மகள் இல்லை.

பிறகு ஒரு கை தெரிந்தது. நேராக மேலே தூக்கிய கை, அதில் கேமரா. அதற்குக் கீழே அவள் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. "நனையல்லம்மா! கேமரா நனையல்ல!" என்று கத்தினாள். நான் தவழ்ந்தே இறங்கிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். "இப்பிடியாட்டி எடுக்கே? எப்பவும் இப்பிடியா?" என்று கேட்டேன். "மழைக்காலத்துல இதவிட மோசம்" என்றாள், சாதாரணமாக. அப்போதுதான், மக்கா, அன்றைக்குப் போனது என்ன என்று எனக்கு முதன்முதலாகப் புரிந்தது. படம் படம் என்று நாம் சொன்னோமே, ஒவ்வொரு படமும் இதுதான். நமக்குத் தெரியாமல், கடலோரத்தில் ஏதோ படிக்கிறாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தபோது, நம் பெண் இரண்டு வருஷமாக இந்தப் பாறையில் இப்படிப் படுத்துக் கிடந்திருக்கிறாள். இது உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவள் அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு என்ன காரணம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் உன்னை வெறுத்துப் பேசவில்லை. கடலே மேலே விழுந்தபோதும் விடாமல் தூக்கிப் பிடித்ததை வீட்டுக்குள், மரச்சீனி வாசனைக்கு நடுவில், பறிகொடுத்தவள் பேசிய பேச்சு அது.

அவள் முழங்காலைக் கைக்குட்டையால் கட்டிவிட்டு நாங்கள் மேலே வந்து உட்கார்ந்தோம். போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து நின்றது. "பாத்தியா?" என்று எனக்குக் காட்டினாள். "நீ திட்டுவேன்னு பயப்படுகான்" என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "திட்டத்தான் கூப்பிடுகேன்! பின்ன எதுக்கு? நான் இன்னும் சண்ட போட்டு முடிக்கல்லம்மா. நான் அவனத் திட்டணும், அவன் என்னத் திட்டணும், டி-ல இருக்குன்னு சொன்னியேட்டி மண்டிக் கழுதேன்னு கேக்கணும். அவன் பாதியில எந்திச்சுப் போய்ட்டான். மிச்சத்த நான் யாருகூட போடுகது?" கண்ணில் கடல் தண்ணீரா வேறா என்று எனக்குத் தெரியவில்லை. நீ செய்த காரியத்தால் அவள் படங்களை இழந்தாள். நீ ஒளிந்துகொண்டதால் அண்ணனையும் இழந்து நிற்கிறாள். முதலாவது கைத்தவறு. இரண்டாவதை நீ தினமும் யோசித்துச் செய்துகொண்டிருக்கிறாய்.

நீ சின்னவனாக இருந்தபோது நடந்த ஒன்று உனக்கு நினைவிருக்காது. அப்பா உன் அத்தையின் வயலுக்குப் பூச்சி மருந்து அடிக்கப் போய், பாட்டில் மாறி, களைக்கொல்லியை அடித்துவிட்டார். அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சில நாளில் கதிர் பிடிக்கிற பச்சை வயல் கண்ணெதிரே வைக்கோல் நிறமாக மாறியது. அத்தை வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டு சத்தம் போட்டது ஊர் முழுக்கக் கேட்டது. அப்பா மறுநாளும் அந்த வரப்புக்குப் போனார். அத்தை திட்டினாள். அதற்கு மறுநாளும் போனார், மறுபடி திட்டினாள். நான் கேட்டேன், எதற்காகத் தினமும் போய் வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்கள் என்று. "அவளுக்கு யாரையாவது திட்டணும்லா? நான் போவல்லேன்னா அவ யார திட்டுவா?" என்றார். அறுப்புக்கு ஒன்றுமில்லாமல் போன அந்த வயலை இரண்டு பேரும் சேர்ந்துதான் மறுபடி உழுதார்கள். உழும்போதும் அத்தை திட்டிக்கொண்டேதான் இருந்தாள். அதிகம் பேசாத மனுஷன் உன் அப்பா. நேற்று உன் செய்தியைப் படித்துவிட்டு அவர் ஏன் வெயிலில் இறங்கிப் போனார் என்று இப்போது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். நீ எழுதிய மூன்று வாக்கியத்தில் அவருக்கு எதுவுமே பிடிபடவில்லை. திட்டு வாங்காமல் ஒருவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போக முடியும் என்பதே அவருக்கு அதிர்ச்சி.

நீ கூரியரில் அனுப்பிய புது லாப்டாப் வந்தது. சுபா பெட்டியைப் பிரிக்கவில்லை. "அவனுக்க கையால வாங்கினா திறக்கேன்" என்று அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், நீ மேசையில் விட்டுப்போன பழைய பெட்டியை அவளே பிரித்துப் பார்த்தாள். போனில் வீடியோ போட்டுப் பார்த்துப் பார்த்து, உன் எஸ்.எஸ்.டி.யை முதலில் வெளியே எடுத்தாள். அதில் உன் மஸ்கட் ஃபோல்டர்கள் இருந்தனவே, அவற்றைத் தோழியின் லாப்டாப் வழியாக வேறொரு டிரைவில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள், முழுசாக வந்ததா என்று. பிறகு மறுபடியும் பார்த்தாள். என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். "உனக்கு இதுல என்ன அக்கறை?" என்று நான் கேட்டதற்கு, "அவனுக்கதாவது இருக்கட்டும்" என்றாள். திருக வேண்டியதைத் திருகி, சொருக வேண்டியதைச் சொருகி, இந்தத் தடவை அந்த ஒரே ஒரு டிஸ்கை மட்டும் வைத்து, விண்டோசைப் போட்டாள். அப்பா டார்ச் அடித்தார்.

பொத்தானை அழுத்தினாள். நான் வழக்கம்போல அடுக்களைப் பக்கம் திரும்பினேன். இரண்டடிகூட எடுத்து வைக்கவில்லை, "அம்மா" என்றாள். திரும்பிப் பார்த்தால் திரை வந்து நிற்கிறது. சத்தமே இல்லை. புள்ளிகள் சுற்றியதாகக்கூடத் தெரியவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றோம். யாருக்கும் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அப்பா டார்ச்சை அணைக்காமலே, "இவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான், மக்கா. இதைக் காட்டத்தான் நீ அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டாய். இந்த ஒரு கணத்தை அவளுக்குக் கொடுக்கத்தான் நீ ஆசைப்பட்டாய். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. சுபாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். நீ போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கீபோர்டை நகர்த்திவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதாள். அப்பா அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். "கொள்ளாம், நல்ல வேகமா இருக்கு" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். மண்டப வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றதும் பெண்ணின் சகோதரன் அவர் காலைக் கழுவி, மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வர வேண்டும். நம் வீட்டில் அதற்கு நீ ஒருவன்தான். நேற்று சாயங்காலம் அப்பா வயலிலிருந்து திரும்பி வந்து, உன் பெரியப்பா மகனைக் கேட்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். அதுவரை சுபாவுக்கு உன் செய்தியை நாங்கள் சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிட்டது. முகம் அன்றைக்குப் போலவே வெளுத்தது. மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள்: "வேற ஆளு ஒண்ணும் வேண்டாம்ப்பா. அண்ணன் வரல்லேன்னா மாப்பிள்ளை தானே காலக் கழுவிட்டு ஏறி வரட்டும்." அப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "ஊரு என்னட்டி சொல்லும்?" என்றார். "சொல்லட்டும். அவனுக்க எடத்துல வேற ஒருத்தன் நிக்கத நான் பாத்துட்டு இருக்க மாட்டேன்" என்றாள்.

எனக்கு வயதாகிறது, மக்கா. என் பிள்ளைகள் இருவரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். இந்தச் சில மாதங்களில் அது பொய்யென்று ஆகிவிட்டது. ஒருத்தி இவ்வளவு கடலைத் தாங்குவாள் என்று தெரியாது. ஒருவன் இவ்வளவு எளிதில் ஓடுவான் என்றும் தெரியாது. இரண்டும் என்னைத் திடுக்கிட வைத்தன. இனி எந்த வீட்டில் எதைத் திறந்து பூட்டினாலும், அழிக்கும் முன் இரண்டு தடவை பார், எடுத்து வைத்தாயா என்று கேட்டால் எங்கே என்றும் கேள். அதை எல்லோரும் சொல்லுவார்கள். நான் சொல்வது வேறு. கை தவறுகிற நாள் இன்னும் வரும், உனக்கும் வரும், நாளைக்கு உனக்கு வாய்க்கிற மனைவிக்கும் பிள்ளைக்கும் வரும். அன்றைக்கு அறையை விட்டுப் போகாதே. கேட்க வேண்டியதை நின்று கேள். அழ வேண்டுமென்றால் அங்கேயே உட்கார்ந்து அழு. போனபின் அனுப்புகிற எந்தப் பெட்டியும் அதற்கு ஈடாகாது.

டிக்கெட் எடுக்கச் சொல்லி நான் கெஞ்சப் போவதில்லை. நாளைக்கு மத்தியானம், உனக்கு அங்கே சாப்பாட்டு நேரத்தில், என் நம்பரிலிருந்து போன் வரும். எடுக்க வேண்டியது மட்டும்தான் உன் வேலை. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள். பேசப்போவது நான் இல்லை.

அம்மா